அயல்நாட்டு மண்ணில் தமிழ்க் குழந்தையின் முதற்பள்ளி

பொருள் தேடிக் கடல் கடத்தல் இராமநாதபுரக் கடற்கரை மக்களுக்குப் புதிதன்று. கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி முதலிய ஊர்களின் மரக்கலங்கள் இலங்கைக்கும் மலாய் நாட்டிற்கும் சென்று மீண்ட காலம் ஒன்று உண்டு. தேவிபட்டினத்திற்கும் தொண்டிக்கும் இடையே, அலையாத்திக் காடுகள் சூழ அமைந்த காரங்காடு போன்ற மீனவச் சிற்றூர்களைக் கொண்ட இக்கரையிலிருந்து, இன்று வளைகுடா நாடுகளின் மீன்பிடிப் படகுகளில் பணியாற்றச் செல்வோர் பலர். அன்று ஆடவர் மட்டுமே சென்றனர். மனைவியும் மக்களும் ஊரிலேயே இருந்தனர். பிள்ளை எப்பள்ளியில் பயில்வது என்ற வினா அக்காலத்தில் எழவே இல்லை. ஊர்ப் பள்ளிக்கூடமும் மதரஸாவும் இருந்தன. பாட்டனும் பாட்டியும் இருந்தனர்.

இந்நிலை கடந்த நாற்பது ஐம்பது ஆண்டுகளில் மாறிவிட்டது. குடும்பத்தோடு சென்று வாழும் வாய்ப்பு சிலருக்கேனும் கிட்டியுள்ளது. மூன்று வயதிலோ ஐந்து வயதிலோ இருக்கும் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு, மொழி அறியாத ஊரில், பள்ளி வாயிலில் நிற்கும் தாய்தந்தையர் தொகை பெருகி வருகின்றது. அவர்கள் முன் மூன்று வழிகள் உள்ளன. அந்நாட்டுக் குழந்தைகள் பயிலும் உள்ளூர்ப் பள்ளி ஒன்று. இந்தியப் பாடத்திட்டப் பள்ளி அல்லது பன்னாட்டுப் பள்ளி மற்றொன்று. குழந்தையை ஊரில் பாட்டியிடம் விட்டுவைத்தல் மூன்றாவது. இவற்றுள் உள்ளூர்ப் பள்ளி என்னும் வழி எத்தகையது, அதனால் பெறுவன யாவை, இழப்பன யாவை, இழப்பைத் தவிர்ப்பது எங்ஙனம் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உள்ளூர்ப் பள்ளி என்பது யாது?

உள்ளூர்ப் பள்ளி என்ற சொல் எல்லா நாட்டிலும் ஒரே பொருளைத் தருவதில்லை. சிங்கப்பூரில் அது ஆங்கிலவழிப் பள்ளி. அங்கே தமிழும் ஒரு பாடம். மலேசியாவில் மலாய்வழித் தேசியப் பள்ளியும் உண்டு, தமிழையே பயிற்றுமொழியாகக் கொண்ட தமிழ்த் தொடக்கப்பள்ளியும் உண்டு. ஹாங்காங்கில் அது பெரும்பாலும் சீனமொழிப் பள்ளி. வளைகுடா நாடுகளில் அது அரபுவழி அரசுப் பள்ளி. பிரான்சில் பிரெஞ்சு, ஜெர்மனியில் ஜெர்மன் மொழி. ஆதலின் 'உள்ளூர்ப் பள்ளி நல்லதா, தீயதா' என்று பொதுவில் வினவுதல் பொருந்தாது. எந்நாட்டில், எத்துணைக் காலம் வாழப் போகிறோம் என்பதை முதலில் வினவிக்கொள்ளல் வேண்டும்.

சிங்கப்பூர்: பள்ளியுள் தமிழ்

நம் மக்களுக்கு மிக அணுக்கமான சான்று சிங்கப்பூர். அங்கே ஒரு குழந்தை ஏழு வயது நிறையும் ஆண்டில் தொடக்கநிலை முதல் வகுப்பிற் சேர்கின்றது. 1960 முதல் தொடக்கப் பள்ளிகளிலும் 1966 முதல் உயர்நிலைப் பள்ளிகளிலும் இரண்டாம் மொழி கட்டாயப் பாடமாயிற்று. 1987 முதல் ஆங்கிலம் எல்லாத் தேசியப் பள்ளிகளுக்கும் பொதுவான பயிற்றுமொழியாகவும், தாய்மொழி ஒரு பாடமாகவும் அமைந்தன. தமிழ் அந்நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்றாதலின், தமிழ்க் குழந்தை பள்ளியிலேயே தமிழ் எழுத்தைக் கற்கும் பேறு பெற்றுள்ளது.

இப்பேறு தானே வந்ததன்று. கடையநல்லூரிலிருந்து குடியேறிய முஸ்லிம்கள் தம் சங்கத்தின் வாயிலாக 1946 இல் ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கினர். சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் பெயரை அதற்குச் சூட்டினர். உழைப்பாளிகளாய்ச் சென்றவர்கள், தம் மக்கள் தாய்மொழியில் கல்வி பெறவேண்டும் என்று தம் வருவாயிலிருந்து கொடுத்து வளர்த்த பள்ளி அது. பின்னர் அது உயர்நிலைப் பள்ளியாகவும் வளர்ந்தது. ஆங்கிலக் கல்வியின்பால் மக்கள் திரும்பியதால் மாணவர் தொகை குறைந்து, 1982 இல் அது மூடப்பட்டது. ஆயினும் அப்பெயர் மறையவில்லை. 1983 இல் தோன்றிய உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம், தம் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லாத மாணவர்கள் வந்து பயிலும் இடமாக விளங்கி வருகின்றது.

இவ்வரலாறு நமக்கு இரண்டு செய்திகளை உணர்த்துகின்றது. தாய்மொழிவழிப் பள்ளி நிலைபெறாத இடத்திலும், உள்ளூர்ப் பள்ளியோடு இணைந்த தாய்மொழி வகுப்பு நிலைபெறக்கூடும் என்பது முதற் செய்தி. பள்ளியிற் பாடமாக இருப்பது மட்டுமே மொழியைக் காத்துவிடாது என்பது இரண்டாவது. 2020 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூர் இந்தியருள் ஏறத்தாழ 59 விழுக்காட்டினர் வீட்டில் மிகுதியாகப் பேசும் மொழி ஆங்கிலமே. பள்ளி தமிழ் கற்பிக்கின்றது. வீடு அதனைப் பேசுவதில்லை. வகுப்பில் உயர்ந்த மதிப்பெண் பெறும் குழந்தை, பாட்டியோடு தொலைபேசியில் நான்கு சொற்றொடர் பேசத் தயங்குவதை நாம் காண்கிறோம் அன்றோ?

குடியுரிமை பெறாது பணிநிமித்தம் செல்வோர் மற்றொன்றையும் அறிந்திருத்தல் நலம். முதல் வகுப்பு இடங்கள் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் வழங்கப்பட்ட பின்னரே பிறநாட்டினர்க்கு வரும். கட்டணமும் பன்மடங்கு மிகுதி. 'இடம் கிடைக்கும்' என்று நம்பி வேலையை ஒப்புக்கொண்டு, பின்னர் அலைவோர் பலர்.

மலேசியா: தமிழே உள்ளூர்ப் பள்ளி

உலகில் தமிழ் வழங்கும் நாடுகளுள், இந்தியாவும் இலங்கையும் நீங்கலாக, அரசுக் கல்வி அமைப்பினுள் தமிழ்வழித் தொடக்கப்பள்ளிகள் பெருந்தொகையாய் இயங்கும் நாடு மலேசியாவே. அங்கே 520 க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. 1816 இல் தோன்றிய பினாங்கு இலவசப் பள்ளியில் தமிழ் வகுப்பு தொடங்கியதை இவ்வரலாற்றின் தொடக்கமாகக் கொள்வர். தோட்டங்களில் பள்ளி வயதுக் குழந்தைகள் பத்துப்பேர் இருப்பின் பள்ளி நடத்தவேண்டும் என்று 1923 ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்ட உரிமையாளர்க்கு விதித்தது. அவ்விதியால் எழுந்தவை பல பள்ளிகள்.

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்ற மாணவர் இடைநிலைப் பள்ளிக்குச் செல்லுங்கால் பயிற்றுமொழி மலாய் ஆகின்றது. மலாய்மொழியில் போதிய தேர்ச்சி பெறாதவர் புகுமுக வகுப்பில் ஓராண்டு பயின்று, பின்னரே முதற் படிவத்திற் சேர்கின்றனர். இந்த ஓராண்டை இழப்பாகக் கருதும் பெற்றோர் குழந்தையைத் தொடக்கத்திலேயே தேசியப் பள்ளியிற் சேர்க்கின்றனர். தாய்மொழியில் எண்ணும் எழுத்தும் உறுதிப்பட்ட குழந்தை பிறமொழியை எளிதிற் பற்றிக்கொள்ளும் என்று கருதுவோர் தமிழ்ப்பள்ளியை நாடுகின்றனர். இரு சாரார் கூற்றிலும் உண்மை உண்டு. தாய்மொழியே தொடக்கக் கல்விக்கு ஏற்ற ஊடகம் என்பதை யுனெஸ்கோ நிறுவனம் 1953 லேயே எடுத்துரைத்தது என்பதையும் இங்கு நினைவுகூர்தல் தகும்.

ஹாங்காங்: அறியாத எழுத்தின் நடுவே

கீழக்கரை, காயல்பட்டினம் முதலிய ஊர்களைச் சார்ந்த வணிகக் குடும்பங்கள் பல ஹாங்காங்கில் வாழ்கின்றன. இரத்தினக்கல் வணிகம் அவர்களை அங்கே கொண்டுசென்றது. உள்ளூர்ப் பள்ளி என்னும் வினா மிகக் கூர்மையாக எழும் இடம் இதுவே எனலாம்.

அங்கே மூன்று வயதில் மழலையர் பள்ளியும், ஏறத்தாழ ஆறு வயதில் தொடக்கப் பள்ளியும் தொடங்குகின்றன. 1978 முதல் ஒன்பது ஆண்டுக் கல்வி கட்டணமின்றி வழங்கப்பட்டது. 2008 முதல் அது பன்னிரண்டு ஆண்டாயிற்று. முறையான குடியிருப்பு உரிமை உடைய தமிழ்க் குழந்தைக்கும் அரசுப் பள்ளியில் இடம் உண்டு. பன்னாட்டுப் பள்ளியின் கட்டணமோ நடுத்தர ஊதியம் பெறும் குடும்பத்தின் வருவாயில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். ஆதலின் பொருளியல் நோக்கில் உள்ளூர்ப் பள்ளியே இயல்பான தெரிவு.

தடை மொழியே. அங்கே பேசப்படும் கான்டனீஸ் மொழியில் ஒரே ஒலிக்கூறு, எடுத்தல் படுத்தல் வேறுபாட்டால் ஆறு வேறு பொருள்களைத் தரவல்லது. தமிழ் எழுத்து ஒலியைக் குறிப்பது. முதலெழுத்து முப்பதைக் கற்றவன் எச்சொல்லையும் கூட்டிப் படிக்கலாம். சீன எழுத்து சொற்பொருளைக் குறிப்பது. தொடக்கப் பள்ளி முடிவதற்குள் மூவாயிரத்திற்கு மேற்பட்ட எழுத்துகளைக் குழந்தை தனித்தனியே கற்க வேண்டும். நாள்தோறும் வீட்டுப்பாடம், கிழமைதோறும் சொல்வதெழுதுதல். பள்ளி அனுப்பும் அறிக்கைகள் சீன எழுத்தில் வரும். பெற்றோர் அவற்றைப் படிக்க இயலாது. குழந்தைக்குக் கற்பிக்க வேண்டிய தாய், குழந்தையிடமே 'இதில் என்ன எழுதியுள்ளது?' என்று கேட்கும் நிலை உண்டாகின்றது.

இவ்விடர்ப்பாட்டை நீக்க அரசு மேற்கொண்ட ஒரு முயற்சி நமக்குப் பாடமாகும். 2006 முதல் சில பள்ளிகள், சீனமொழி பேசாத மாணவர்க்கெனக் குறித்த பள்ளிகளாகத் தனி நிதியுதவி பெற்றன. நோக்கம் நன்றே, விளைவு வேறாயிற்று. தெற்காசியக் குழந்தைகள் ஒரே இடத்தில் குவிந்தனர். சீனக் குழந்தைகளோடு பழகும் வாய்ப்புக் குறைந்தது. பல ஆண்டுகள் அந்நாட்டில் வாழ்ந்தும் அந்நாட்டு மொழியில் எழுதப் படிக்கத் தெரியாதவராய் வெளியேறினர். கண்டனங்கள் எழவே, 2013 இல் அவ்வேற்பாடு கைவிடப்பட்டது. 2014 இல் சீனமொழியை இரண்டாம் மொழியாய்க் கற்போர்க்கெனப் புதிய கற்றல் நெறி வகுக்கப்பட்டது. உள்ளூர்ப் பள்ளியிற் சேர்ப்பது மட்டும் போதாது. உள்ளூர்க் குழந்தைகளோடு ஒரே இருக்கையில் அமரும் நிலை வேண்டும் என்பதே இதன் கருத்து.

மொழி அறியாப் பள்ளியில் குழந்தை பெற்ற வெற்றி அதன் வாழ்வை மாற்றவல்லது. அந்நாட்டு மொழியறிந்த தமிழ் இளைஞன் கடையில் மட்டுமன்றி, மருத்துவமனையிலும் வங்கியிலும் அரசு அலுவலகத்திலும் பணிபெறத் தகுதியுடையவன் ஆகின்றான். மொழியறியாதவன் மூன்றாம் தலைமுறையிலும் அயலானாகவே நிற்கின்றான்.

வளைகுடா: திரும்பிவரும் வழி

வளைகுடா நாடுகளில் நிலை நேர்மாறானது. நம் மக்கள் மிகுதியாக வாழும் இந்நாடுகளில் குடியுரிமை பெறுதல் அரிது. பணி முடிந்த நாளில் ஊர் திரும்புதலே பொதுவழக்கு. அரபுவழி அரசுப் பள்ளியிற் பயிலும் குழந்தை ஊர் திரும்பினால், உயர்கல்விக்கு அது கற்ற பாடமொழி உதவாது. எனவேதான் 1950 இல் பஹ்ரைனிலும், 1961 இல் துபாயிலும், 1969 இல் ஜித்தாவிலும், 1975 இல் மஸ்கட்டிலும் இந்தியப் பள்ளிகள் தோன்றின. இந்திய நடுவண் பாடத்திட்டத்தைப் பின்பற்றும் இத்தகைய பள்ளிகளிலேயே பெரும்பாலோர் தம் மக்களைச் சேர்க்கின்றனர். இஃது அறிவுடைய தெரிவே.

எனினும் ஒரு குறை சுட்டத்தக்கது. அரபு நாட்டில் பத்தாண்டு வாழ்ந்த குழந்தை, அரபு எழுத்தைத் திருமறை ஓதுமளவிற்கு அறியும். அண்டை வீட்டு அரபுக் குழந்தையோடு பேச அறியாது. ஐக்கிய அரபு நாடுகளில் தனியார் பள்ளிகளும் அரபு மொழியைக் கற்பித்தாக வேண்டும் என்ற விதி உண்டு. அப்பாடத்தை மதிப்பெண்ணுக்கென ஒதுக்கிவிடாமல், வாழும் மொழியாகக் கற்பிக்கப் பெற்றோர் ஊக்கினால், பின்னாளில் மொழிபெயர்ப்பிலும் வணிகத்திலும் பெரும்பயன் விளையும்.

இங்கே மற்றோர் உண்மையையும் மறைத்தல் கூடாது. குடும்ப நுழைவுரிமை பெறக் குறிப்பிட்ட அளவு ஊதியம் வேண்டும். படகிலும் கட்டுமானப் பணியிலும் உழைப்போர் பலர்க்கு அவ்வூதியம் இல்லை. காரங்காட்டிலும் அதனை அடுத்த ஊர்களிலும் தந்தை அயல்நாட்டில், பிள்ளை ஊர்ப் பள்ளியில் என்னும் நிலையே பெரும்பான்மை. 'எப்பள்ளி' என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே ஒரு செல்வம் என்பதை அவ்வாய்ப்புப் பெற்றோர் உணர்தல் வேண்டும்.

மேலை நாடுகள்

இந்நாடுகளைச் சுருங்கக் கூறலாம். பிரான்சில் 2019 முதல் மூன்று வயதிலேயே கட்டாயக் கல்வி தொடங்குகின்றது. காரைக்கால், புதுச்சேரி ஊர்களிலிருந்து சென்று குடியேறிய நம்மவர் அங்கு உளர். அந்நாட்டு அரசுப் பள்ளிகளில் சமய அடையாளங்களை வெளிப்படையாக அணிதலை 2004 ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கின்றது. பெண் குழந்தையின் பெற்றோர் இதனை முன்னரே அறிந்து முடிவெடுத்தல் நலம். இங்கிலாந்தில் நான்கு வயதில் வரவேற்பு வகுப்பிற் சேரலாம். ஜெர்மனியில் வீட்டிலேயே கற்பித்துக்கொள்ள இசைவு இல்லை. பள்ளிக்கு அனுப்பியே ஆகவேண்டும். சுவீடன் நாட்டில் 1977 முதல், குடியேறிய குழந்தைகளின் வீட்டுமொழியைப் பள்ளியே கற்பிக்கும் ஏற்பாடு உள்ளது. ஒரு நகராட்சியில் அம்மொழி கேட்கும் மாணவர் ஐவர் இருந்து, ஆசிரியரும் கிடைப்பின் வகுப்பு அமையும். கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்திலும் அதே 1977 இல் மரபுமொழி வகுப்புகள் தொடங்கின; தமிழ் அவற்றுள் ஒன்றாய் வளர்ந்தது. இத்தகைய உரிமை இருந்தும், விண்ணப்பம் கொடுக்காமையால் வகுப்பு அமையாது போகும் ஊர்கள் உண்டு.

குழந்தையின் உள்ளத்துள் நிகழ்வது

மொழியறியாப் பள்ளியிற் சேர்ந்த குழந்தை முதற் சில வாரங்கள், சிலபோது சில மாதங்கள், வாய்திறவாமல் இருப்பதுண்டு. இதனைக் கண்டு பெற்றோர் அஞ்சுகின்றனர். மொழியியலார் இதனை மௌனப் பருவம் என்பர். குழந்தை பேசவில்லையே தவிர, கேட்டுக்கொண்டே இருக்கின்றது, சொற்களைச் சேர்த்துவைக்கின்றது. இப்பருவத்தில் 'ஏன் பேசவில்லை?' என்று கடிந்துரைத்தலும், பிறர் குழந்தையோடு ஒப்பிடுதலும் ஆகா.

அடுத்து வருவது இதற்கு எதிரான மயக்கம். ஓரிரண்டு ஆண்டில் குழந்தை தெருவிலும் விளையாட்டிடத்திலும் சரளமாகப் பேசத் தொடங்கும். பெற்றோர் 'மொழி வந்துவிட்டது' என்று மகிழ்வர். கனடாவைச் சேர்ந்த கல்வியறிஞர் ஜிம் கம்மின்ஸ், உரையாடும் மொழித்திறன் வேறு, பாடம் பயிலும் மொழித்திறன் வேறு என்று 1979 இல் பிரித்துக் காட்டினார். முன்னது ஏறத்தாழ ஈராண்டில் வரும். பின்னது உடன்பயிலும் குழந்தைகளின் அளவை எட்ட ஐந்து முதல் ஏழாண்டு வரை ஆகலாம் என்பது அவர் ஆய்வுகளின் முடிபு. பேச்சில் தேர்ந்த குழந்தை வரலாற்றுப் பாடத்தில் பின்தங்குமாயின் அது சோம்பலோ அறிவுக் குறையோ அன்று. மொழி இன்னும் முதிரவில்லை என்பதே பொருள்.

முற்காலத்தில் ஆசிரியர் சிலர், 'வீட்டிலும் பள்ளி மொழியையே பேசுங்கள். குழந்தை விரைவிற் கற்கும்' என்று அறிவுறுத்தினர். இன்றைய ஆய்வாளர் இதனை ஏற்பதில்லை. தாய்மொழியில் 'ஆவியாதல்' என்னும் கருத்தை அறிந்த குழந்தை, பிறமொழியில் அதற்குரிய சொல்லை மட்டும் கற்றால் போதும். தாய்மொழியிலும் அறியாத குழந்தை கருத்தையும் சொல்லையும் ஒருங்கே கற்க வேண்டும். மேலும், தாய் தனக்கே பிடிபடாத மொழியில் பேச முற்படின், கதையும் கேலியும் அறிவுரையும் வற்றி, 'வா, போ, சாப்பிடு' என்னும் ஏவல்கள் மட்டுமே எஞ்சும். குழந்தை இரு மொழியையும் கலந்து பேசுமாயின் அதுவும் குழப்பம் அன்று. வளர்ச்சியின் ஒரு படியே.

கவலைகொள்ள வேண்டியது பிறிதொன்று. பள்ளி மொழி வளர, வீட்டுமொழி தேயுமாயின், பத்து வயதிற்குப் பின் குழந்தைக்கும் பெற்றோர்க்கும் ஆழ்ந்து பேச ஒரு பொதுமொழி இராது. தன் அச்சத்தையும் ஐயத்தையும் தந்தையிடம் சொல்லச் சொல் இல்லாத பிள்ளை, அவற்றைப் பிறரிடம் சொல்லும். மார்க்க நெறியையும் குடும்ப ஒழுக்கத்தையும் எம்மொழியில் எடுத்துரைப்பது? மொழி இழப்பு இலக்கியத்தின் இழப்பு மட்டுமன்று. பெற்றோர் என்னும் உரிமையின் இழப்பும் ஆகும்.

முன்னோர் வாழ்வில் ஒரு சான்று

அயல்மண்ணில் பிறந்து, அம்மண்ணின் மொழியையும் முன்னோர் மொழியையும் ஒருங்கே கற்று உயர்ந்த ஒருவரை மலாய் இலக்கிய வரலாறு காட்டுகின்றது. அவர் முன்ஷி அப்துல்லாஹ். 1796 இல் மலாக்காவில் பிறந்தார். அவர்தம் முன்னோர் ஏமன் நாட்டு அரபியர். நாகூரில் தமிழ்ப் பெண்ணை மணந்த குடிவழி அது. சிறுவயதில் அவர் திருமறை ஓதக் கற்றார், மலாய் கற்றார். அவர் தந்தை அவரைத் தமிழ் கற்கவும் ஓர் ஆசிரியரிடம் அனுப்பினார். மலாக்காவில் கணக்கிற்கும் வணிகத்திற்கும் தமிழ் பயன்பட்டமையே காரணம் என்று அவர் தம் தன்வரலாற்றில் குறிப்பிடுகின்றார். கோட்டையில் இருந்த இந்தியப் படைவீரரிடம் இந்துஸ்தானியும் கற்றுக்கொண்டார்.

இத்தனை மொழிகள் அவர் அறிவைச் சிதைக்கவில்லை. ஆங்கிலேயர்க்கு மலாய் கற்பிக்கும் முன்ஷியானார். 1849 இல் வெளிவந்த அவர்தம் தன்வரலாறு, மலாய் உரைநடையில் புதுவழி வகுத்தது. புதிய மலாய் இலக்கியத்தின் தந்தை என்று அவர் போற்றப்படுகின்றார். உள்ளூர் மொழியைக் கற்றதனால் அவர் அந்நாட்டிற்குரியவர் ஆனார். முன்னோர் மொழியைக் கற்றதனால் தம் குடிக்கு அயலாராகவில்லை. அவர்தம் தந்தை செய்தது இரண்டு மட்டுமே: பிள்ளையை அவ்வூர் மொழியினின்று விலக்கவில்லை, தமிழுக்கெனத் தனி நேரமும் தனி ஆசிரியரும் ஒதுக்கினார்.

நம் கடற்கரை முஸ்லிம்கள் அரபு எழுத்தில் தமிழை எழுதிய அரபுத்தமிழ் மரபும் இத்தகையதே. எழுத்து வேறாயினும் மொழி தமிழாகவே இருந்தது. இன்று அயல்நாட்டுக் குழந்தைகள் ஓதும் மதரஸாவில் விளக்கமொழி உருதுவாகவோ மலாயாகவோ ஆங்கிலமாகவோ இருக்கின்றது. நம்மூரில் ஓதல் அரபியிலும் விளக்கம் தமிழிலும் அமைந்தமையால் தமிழும் உடன் வளர்ந்தது. அவ்வாய்ப்பு அங்கே இல்லை என்பதைப் பெற்றோர் கருத்திற்கொண்டு, விளக்கத்தை வீட்டிலேனும் தமிழில் கூறுதல் வேண்டும்.

திரும்பி வருங்கால்

குழந்தை இடையில் ஊர் திரும்ப நேர்ந்தால் என்ன ஆகும் என்பதையும் சேர்க்கும்போதே எண்ணுதல் வேண்டும். தமிழ்நாட்டில் 2006 ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம், முதல் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை தமிழைப் படிப்படியாகக் கட்டாயப் பாடமாக்கியது. ஆறாம் வகுப்பில் வந்து சேரும் குழந்தைக்குக் கணக்கும் அறிவியலும் இடர் தாரா. தமிழே இடர் தரும். எம் போன்ற தமிழாசிரியர் கல்லூரியிலும் இதனைக் காண்கின்றோம். அயல்நாட்டில் பள்ளிக்கல்வி முடித்து வரும் மாணவர் அறிவிற் குறைந்தவரல்லர். ஆயின் லகர ளகர ழகர வேறுபாட்டில் தடுமாறி, அதனால் கூச்சமுற்று, தமிழ் வகுப்பையே வெறுக்கும் நிலைக்கு வருகின்றனர்.

2009 ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள குழந்தையை அதன் வயதுக்கேற்ற வகுப்பிற் சேர்க்க வேண்டும் என்கின்றது. மாற்றுச் சான்றிதழ் காலந்தாழ்ந்தது என்பதற்காகச் சேர்க்கையை மறுத்தலும் ஆகாது. எனினும் அயல்நாட்டுப் பள்ளியின் மதிப்பெண் பட்டியலையும் மாற்றுச் சான்றிதழையும் அந்நாட்டை விட்டு நீங்குமுன் பெற்று, உரிய சான்றொப்பம் பெறுதல் அலைச்சலைக் குறைக்கும். தமிழ் கற்க, 2001 இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்ற பெயரில் மழலைக் கல்வி முதலாகப் பாடங்களை இணையவழி வழங்குகின்றது. அயல்நாட்டுப் பெற்றோர் அனைவரும் அறியத்தக்கது இது.

பெற்றோர் செய்யத்தக்கன

மேற்கூறியவற்றிலிருந்து சில நெறிகளை வகுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, குழந்தை பத்தாம் வகுப்புத் தேர்வை எந்நாட்டில் எழுதும் என்று எண்ணிப் பார்க்க. அந்நாட்டிலேயே எனின், இயன்றவரை இளவயதிலேயே உள்ளூர்ப் பள்ளியிற் சேர்க்க. மூன்று நான்கு வயதில் எளிதாய் வருவது பத்து வயதில் கடினமாகும். ஓரிரண்டு ஆண்டில் திரும்புவது உறுதி எனின், இந்தியப் பாடத்திட்டப் பள்ளியே பொருந்தும். ஆயினும் மழலையர் வகுப்பளவில் உள்ளூர்ப் பள்ளி அனுபவம் கேடு செய்யாது.

இரண்டாவது, பள்ளிக்கு அனுப்புமுன் குழந்தைக்கு அம்மொழியில் ஐந்து செய்திகளைச் சொல்லக் கற்பிக்க: தன் பெயர், தண்ணீர் வேண்டும், கழிப்பறைக்குச் செல்லவேண்டும், வலிக்கின்றது, எனக்குப் புரியவில்லை. இவ்வைந்தும் அறிந்த குழந்தை அழாது.

மூன்றாவது, ஆசிரியரை முதல் வாரத்திலேயே காண்க. குழந்தை உண்ணத்தகும் உணவு, தகாத உணவு, நோன்பு, பெருநாள் விடுப்பு ஆகியவற்றைப் பணிவோடு முன்னரே தெரிவிக்க. கேட்காமல் மனம் நொந்துகொள்வதினும் கேட்டுப் பெறுதல் நன்று. பள்ளியின் அறிக்கைகளைப் படித்துச் சொல்ல அண்டை வீட்டார் ஒருவரின் நட்பைத் தேடிக்கொள்க. அந்நட்பே குழந்தைக்கும் விளையாட்டுத் தோழமையைத் தரும்.

நான்காவது, அலுவலகத்திலும் மருத்துவமனையிலும் குழந்தையையே மொழிபெயர்ப்பாளர் ஆக்குதலை இயன்றவரை தவிர்க்க. தாய்தந்தையரும் அம்மொழியின் அடிப்படையைக் கற்க முயல்க. பெற்றோர் கற்பதைக் காணும் குழந்தை தானும் கற்கும், பெற்றோரை இகழாது.

ஐந்தாவது, வீட்டில் தமிழே பேசுக. நாளொன்றுக்கு அரைமணி நேரம் தமிழ் எழுத்திற்கு ஒதுக்குக. ஊரிலுள்ள பாட்டனார்க்கும் பாட்டியார்க்கும் திங்களுக்கு ஒரு மடல் குழந்தையின் கையெழுத்தில் செல்லட்டும். தொலைபேசி பேச்சைத் தரும், எழுத்தைத் தராது. நான்கைந்து குடும்பங்கள் கூடினால் வார இறுதித் தமிழ் வகுப்பு ஒன்று அமையும். கடையநல்லூர் மக்கள் 1946 இல் செய்ததும் இதுவே.

ஆறாவது, குழந்தையை ஊரில் விட்டுச் செல்லும் வழக்கத்தைப் பற்றி ஒரு சொல். வேறு வழியில்லாதார்க்கு அது தவிர்க்க இயலாதது. வழி இருந்தும், 'அங்குள்ள பள்ளி நம் பிள்ளையைக் கெடுத்துவிடும்' என்னும் அச்சம் ஒன்றினால் பிரிந்திருத்தல் தக்கதன்று. மொழியையும் நெறியையும் குழந்தைக்கு ஊட்டுவது ஊர் அன்று, உடனிருக்கும் தாய்தந்தையரே.

முடிவுரை

காரங்காட்டுக் கரையில் நிற்கும் அலையாத்தி மரம் நன்னீரும் உவர்நீரும் கலக்குமிடத்தில் வளர்வது. உப்பை இலைவழி வெளியேற்றும். சேற்றின் மேல் மூச்சுவேர்களை நீட்டி உயிர்க்கும். நன்னீர் மட்டுமே வேண்டும் என்று அது விலகி நிற்பதில்லை. அயல்நாட்டில் வளரும் தமிழ்க் குழந்தையும் இருவகை நீரில் வளரவேண்டியதே. அவ்வூர்ப் பள்ளி அதற்கு அவ்வூரைத் தரும். தமிழைத் தரும் கடமை பள்ளியினுடையதன்று, அது வீட்டினுடையது. இக்கல்லூரியில் இன்று பயிலும் மாணவருள் பலர் நாளை அயல்நாடு செல்வர், தாய்தந்தையரும் ஆவர். அந்நாளில் இக்கடமையை அவர்கள் மறவாதிருப்பின், இத்துறையின் பணி கடல் கடந்தும் பயன் தரும்.